இரண்டாயிரம் ரூபாய் கார்

தொழில் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1952 மே 8-ஆம் நாள் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. எந்தப் பொருளை, யார், எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதை தில்லி தீர்மானிக்கும் உரிம ஆட்சிக்கு அடித்தளம் அமைத்த சட்டம் அது. அதே 1952-ஆம் ஆண்டில்தான் கோயம்புத்தூரிலிருந்து, இருவர் மட்டும் அமரக்கூடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்று வெளிவந்தது. அதன் விலை 2,000 ரூபாய். அன்று சந்தையில் இருந்த எந்தப் புதிய காரின் விலையும் அதைப்போல் பல மடங்கு. காரை உருவாக்கியவருக்கு உற்பத்தி உரிமம் மறுக்கப்பட்டது. கார் அத்துடன் நின்றது. அவர் ஜி.டி. நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பள்ளி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர்களும் அவரைக் குறித்து அதிகம் வருந்தியதாகத் தெரியவில்லை. தொடக்கக் கல்வியோடு பள்ளியை விட்டு வயல் வேலைக்கு வந்தார். பின்னாளில் அவரது நூலகத்தைப் பார்த்து வியந்தவர்கள் பலர். ஆனால் அவரது முதல் பாடநூல் ஒரு மோட்டார் சைக்கிள்.

ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளில் அந்தக் கிராமத்துப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியை இளைஞர் துரைசாமி கண்டது அப்போதுதான். அதைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஒரே எண்ணத்துடன் கோவைக்கு வந்து, ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராகச் சேர்ந்தார். ஆண்டுக்கணக்கில் கூலியைச் சேமித்து, அந்த அதிகாரியிடமிருந்தே வண்டியை வாங்கினார். விலை 300 ரூபாய் என்றே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. வாங்கிய வண்டியில் ஊர் சுற்றவில்லை. முழுவதுமாகக் கழற்றிப் போட்டு, பிறகு மீண்டும் பூட்டினார்.

நாயுடுவைப் பற்றி எழுதுவோர் அனைவரும் இந்நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். பெரும்பாலும் விடாமுயற்சிக்குச் சான்றாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அக்காலத்து ரட்ஜ் வண்டி ஒற்றை சிலிண்டர் கொண்டது; கொள்ளளவு அரை லிட்டர். ஓர் ஆளைச் சுமந்து செல்ல எவை தேவையோ அவை மட்டுமே அதில் இருந்தன. ஒரு பாகத்தை எடுத்துவிட்டால் வண்டி ஓடாது. ஒரு பாகத்தைக் கூட்டினால் அதைச் சுமக்க வேண்டும். மோட்டார் தொழிலுக்குள் காரின் வழியாக நுழைபவரும் மோட்டார் சைக்கிளின் வழியாக நுழைபவரும் ஒரே விதமாகச் சிந்திப்பதில்லை. முன்னவர் எதைச் சேர்க்கலாம் என்று பார்ப்பார். பின்னவர் எது இல்லாமல் முடியும் என்று பார்ப்பார். நாயுடு வாழ்நாள் முழுவதும் இரண்டாவது வகையினராகவே இருந்தார்.

இடையில் திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலை வைத்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் நிறையப் பொருள் ஈட்டினார். பம்பாய் பருத்திச் சந்தையில் இறங்கி, ஈட்டியதை இழந்தார். கையில் ஒன்றுமில்லாமல் கோவை திரும்பியவருக்கு உதவியவர் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் தவணை முறையில் ஒரு பேருந்து கொடுத்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை நாயுடுவே ஓட்டினார்.

அந்த ஒற்றைப் பேருந்துதான் யு.எம்.எஸ். என்ற நிறுவனமாக வளர்ந்தது. 1933 வாக்கில் அதனிடம் ஏறத்தாழ 280 பேருந்துகள் இருந்தன. குறித்த நேரத்தில் பேருந்து புறப்படுவது இன்று நமக்குச் செய்தியல்ல. அன்று அது செய்தி. பேருந்து நடத்துபவருக்கு எடையின் கணக்கு எவரும் சொல்லித் தராமலே தெரியும். வண்டியின் சொந்த எடையை இழுக்கச் செலவாகும் எரிபொருளுக்கு எந்தப் பயணியும் கட்டணம் தருவதில்லை. 280 வண்டிகளில் நாள்தோறும் இந்தப் பாடம் நடந்தது.

1930-களில் ஐரோப்பாவுக்குச் சென்றபோது அவர் கவனம் தொழிற்சாலைகள் மேல்தான் இருந்தது. மின்கலத்தில் இயங்கும் சவரக் கருவியை உருவாக்கி, ரசான்ட் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மிக மெல்லிய சவர பிளேடு, மண்ணெண்ணெயில் இயங்கும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, திரைப்பட ஒளிப்பதிவுக் கருவிக்கான தூரச் சரிசெய்வான் என்று பட்டியல் நீளும். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியதே இவற்றில் பெரியது. கோவை இன்று மோட்டார், பம்புசெட் நகரமாக இருப்பதற்கு அது ஒரு தொடக்கம். 1941-இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். பொருளைக் கண்டுபிடிப்பதைவிட விலையைக் கண்டுபிடிப்பதில்தான் அவருக்கு ஆர்வம் அதிகம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 70 ரூபாய் வானொலியும் 2,000 ரூபாய் காரும் ஒரே மனத்தின் விளைவுகள்.

ஆயினும் வானொலியை மலிவாக்குவது வேறு, காரை மலிவாக்குவது வேறு. காரில் எடைதான் விலை. இதை விளக்க எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம்.

குன்றாண்டார்கோவில் பகுதியைச் சேர்ந்த பொறியியல் மாணவர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஓர் ஐயத்துடன் என்னிடம் வந்தார். நான் பொருளியல் படித்தவன் என்பது அவருக்குத் தெரியும். ஓய்வுபெற்ற ஆசிரியர் எதையும் பொறுமையாகக் கேட்பார் என்பதும் தெரியும். கல்லூரிகளுக்கிடையிலான கார் வடிவமைப்புப் போட்டிக்காக நண்பர்களுடன் சேர்ந்து ஒரு சிறிய காரைத் தாமே கட்டுகிறார். பழைய மாருதி 800 காரின் என்ஜின் ஒன்றும், 390 சிசி என்று விற்கப்படும் கேடிஎம் மோட்டார் சைக்கிளின் என்ஜின் ஒன்றும் கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன. எது இலேசானது என்பதல்ல அவரது ஐயம். அது பார்த்தாலே தெரிகிறது. மோட்டார் சைக்கிள் என்ஜின் 40 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஒருவரே தூக்கி மேசைமேல் வைக்கலாம். கார் என்ஜினைக் கியர் பாக்ஸுடன் சேர்த்தால் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆற்றலோ சிறியதில்தான் அதிகம்: மாருதிக்கு ஏறத்தாழ 37 குதிரைத்திறன், கேடிஎம்முக்கு 43. அப்படியானால் உலகமே ஏன் கார்களில் கார் என்ஜின்களைப் பூட்டிக்கொண்டிருக்கிறது என்பதே அவர் கேட்டது.

விடை, எதை எதனோடு சேர்த்து நிறுக்கிறோம் என்பதில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் என்ஜினில் கியர் பாக்ஸும் கிளட்ச்சும் ஒரே உறைக்குள் அடக்கம். கார் என்ஜினுக்குச் சொல்லப்படும் எடையில் பல நேரங்களில் அவை சேர்வதில்லை. எண்ணெயும் குளிர்நீரும் சேர்வதில்லை. இந்த வகையில் மோட்டார் சைக்கிளின் சாதகம் நாம் நினைப்பதைவிடப் பெரியது. மறுபுறம், அதற்குப் பின்னோக்கிச் செல்லும் கியர் கிடையாது. இரு பின்சக்கரங்களும் திருப்பத்தில் வெவ்வேறு வேகத்தில் சுழல டிஃபரன்ஷியல் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு அது தேவையே இல்லை என்பதால் அதுவும் கிடையாது. காற்றை எதிர்கொள்ளாமல் காருக்குள் ஒடுங்கிவிட்ட என்ஜினுக்குப் பெரிய ரேடியேட்டரும் விசிறியும் வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்த பின் தராசின் முள் நகர்ந்துவிடும்.

அதைவிட முக்கியமானது முறுக்குவிசை. மாருதி என்ஜின் ஏறத்தாழ 59 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளுக்குள்ளேயே தந்துவிடும். மோட்டார் சைக்கிள் என்ஜினோ 35 நியூட்டன் மீட்டரைத் தருவதற்கே 7,000 சுற்றுகளை எட்ட வேண்டும். ஆளோடு சேர்ந்து 250 கிலோவைக் கிளப்புவதற்காக வடிவமைக்கப்பட்ட கிளட்ச், 700 கிலோவை மேட்டில் கிளப்பச் சொன்னால் கருகும். ஆகவே மோட்டார் சைக்கிள் என்ஜினைக் காரில் பூட்டுவதற்கு ஒரே நிபந்தனை, கார் முழுவதுமே இலேசாக இருக்க வேண்டும். என்ஜின் சிறியதானால் அதைத் தாங்கும் சேஸிஸ் மெலியலாம். சேஸிஸ் மெலிந்தால் பிரேக், டயர், சக்கரம் எல்லாம் சிறுக்கும். எண்ணூறு கிலோ காரில் என்ஜினை மட்டும் மாற்றிப் பயனில்லை. இருவர் மட்டும் அமரும் முந்நூறு, நானூறு கிலோ காரில் அது உலகத்தையே மாற்றும். குன்றாண்டார்கோவில் குடைவரைக் கோயிலின் முன்னே, சக்கரங்களும் குதிரைகளுமாகக் கல்லில் செய்த தேர் வடிவ மண்டபம் ஒன்று இருக்கிறது. எடையைப் பற்றிக் கவலைப்படாத ஒரே வாகனம் அதுதான் என்று மாணவரிடம் சொன்னேன்.

நாயுடுவின் கார் ஏன் இருவருக்கானது என்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலும் அப்போது இதே சிந்தனை ஓடியது. இத்தாலியில் குளிர்பதனப் பெட்டியும் ஸ்கூட்டரும் செய்துவந்த ஐசோ நிறுவனம் 1953-இல் ஐசெட்டா என்ற முட்டை வடிவக் காரை வெளியிட்டது. ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ அதன் உரிமையைப் பெற்று, தன் மோட்டார் சைக்கிளின் 247 சிசி ஒற்றை சிலிண்டர் என்ஜினைப் பூட்டி 1955-இல் விற்கத் தொடங்கியது. எடை ஏறத்தாழ 350 கிலோ. ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்றன. போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு சென்ற குடும்பங்களுக்குக் கூரை கிடைத்தது. இங்கிலாந்தில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி இல்லை என்ற விதியால், 1957-இல் வந்த லோட்டஸ் செவன் போன்ற பூட்டிக்கொள்ளும் கார்கள் பெருகின. வரிச்சட்டம் ஒரு கார் வகையையே வளர்த்ததற்கு அது நல்ல சான்று.

எல்லாவற்றையும்விட நம்மை உறுத்த வேண்டியது ஜப்பான். ஹமமட்சு நகரில் 1909-இல் மிச்சியோ சுசூகி என்பவர் தறி செய்யும் நிறுவனம் தொடங்கினார். பருத்தித் தொழில் சரிந்தபோது அந்நிறுவனம் மிதிவண்டியில் பூட்டும் 36 சிசி சிறு என்ஜினைச் செய்தது. ஆண்டு, மீண்டும் 1952. அரசு அதன் ஆய்வுக்கு மானியம் தந்தது. கே என்ற சிறு கார் வகையை ஜப்பான் 1949-லேயே சட்டத்தில் உருவாக்கியிருந்தது. 1955-இல் அதன் என்ஜின் வரம்பு 360 சிசி என்று ஒருமுகப்பட்டது. வரிச் சலுகையும் உண்டு. அதே 1955-இல் சுசூகியின் முதல் 360 சிசி கார் வந்தது. நெசவு நகரம், தானே கற்ற தொழிலதிபர், சிறு என்ஜினிலிருந்து சிறு கார். கோவைக்கும் ஹமமட்சுவுக்கும் இவ்வளவு பொருத்தம் இருந்தது. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே அரசு ஓர் எல்லைக்கோட்டை வரைந்துவிட்டு, அதற்குள் யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம் என்றது, இங்கே அரசு போட்டியாளர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு கதவைச் சாத்தியது.

உரிமம் மறுத்தவர்கள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்நியச் செலாவணியும் எஃகும் அரிதாக இருந்த காலம் அது. லாரிக்கும் டிராக்டருக்கும் போக வேண்டிய எஃகு காருக்குப் போகக்கூடாது என்பது அன்றைய திட்ட வல்லுநர்களின் வாதம். 1953-ஆம் ஆண்டின் கட்டண ஆணையமும், உள்நாட்டிலேயே முழுமையாக உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள சில நிறுவனங்களே போதும் என்ற திசையில்தான் பரிந்துரைத்தது. வெறுமனே பாகங்களைப் பூட்டி விற்ற ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. 2,000 ரூபாய் என்ற விலையையும் கேள்வி கேட்கலாம். பட்டறையில் ஒரு காரைச் செய்யும்போது உரிமையாளரின் உழைப்பும் ஆராய்ச்சிச் செலவும் கணக்கில் வருவதில்லை. விற்பனையாளரின் பங்கு, பழுதுபார்ப்பு உத்தரவாதம், கடனுக்கான வட்டி எதுவும் வருவதில்லை. 2008-இல் ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட டாடா நானோ, 624 சிசி இரட்டை சிலிண்டரும் 600 கிலோ எடையுமாக வந்தும் அந்த விலையில் நிலைக்கவில்லை. நாயுடுவின் காரும் 3,000, 4,000 ரூபாய்க்கு ஏறியிருக்கலாம். வாங்குவோர் இல்லாமல் தோற்றிருக்கவும் கூடும். ஆனால் அதைச் சந்தை சொல்லியிருக்க வேண்டும். ஒரு கோப்பின் மேல் எழுதப்பட்ட குறிப்பு சொல்லிவிட்டது.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது என்றும் ஆறுதல் கொள்ள இயலாது. சிறிய காருக்கான விருப்பக் கடிதம் 1970-இல் அன்றைய பிரதமரின் மகனுக்குக் கிடைத்தது. அவரது நிறுவனத்திலிருந்து மக்கள் வாங்கிப் பயன்படுத்தும்படியான கார் எதுவும் வரவில்லை.

காருக்கு முன்பே அரசு அமைப்புடன் நாயுடுவுக்கு ஒரு மோதல் நடந்திருந்தது. சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் 1945-இல் கோவையில் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் உருவாக நாயுடு காரணமாக இருந்தார்; முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பு காலவிரயம், இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கருத்து. அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார். பாடத்திட்டத்திலும் தேவையற்ற எடையைத்தான் அவர் பார்த்திருக்கிறார். நாற்பது ஆண்டுக்காலம் கல்லூரியில் இருந்தவன் என்ற முறையில் அவர் சொன்னதை முழுமையாக ஏற்க எனக்கு மனமில்லை. முழுமையாக மறுக்கவும் துணிவில்லை. அக்கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பெயர் மாறிய பின்னும், அவினாசி சாலையில் ஹோப் காலேஜ் என்றால்தான் நடத்துநருக்கு இறங்குமிடம் தெரியும்.

வருமான வரியின் மேல் அவருக்கிருந்த கோபம் ஊரறிந்தது. எதிர்ப்பைக் காட்டத் தாம் உருவாக்கிய பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே உடைத்தார். அச்செயலைப் போராட்டம் என்று போற்றுவோர் உண்டு. எனக்கு அது வீண் என்றே படுகிறது. சிறு திருகைக்கூட வீணாக்காமல் வாழ்ந்தவர், தன் உழைப்பைத் தானே நொறுக்கும் நிலைக்கு வந்தார் என்பது அவரைப் பற்றிச் சொல்வதைவிட அன்றைய சூழலைப் பற்றி அதிகம் சொல்கிறது. பிறகு அவர் கவனம் பருத்தி, பப்பாளி முதலியவற்றில் புதிய வகைகளை உருவாக்கும் வேளாண் ஆய்வுகளின் பக்கம் மிகுந்தது. தோட்டத்தில் ஒரு செடியை வளர்க்க எவருடைய உரிமமும் தேவைப்படவில்லை. கோவையில் தொழிற்காட்சி ஒன்றை நிறுவினார். பள்ளிப் பிள்ளைகள் இன்றும் அங்கு அழைத்துச் செல்லப்படுகிறார்கள்.

1974 ஜனவரி 4-ஆம் நாள், தமது 80-ஆம் வயதில் நாயுடு காலமானார். அப்போது ஒரு புதிய காருக்குப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். இந்தியாவின் முதல் மாருதி 800 கார், 1983 டிசம்பர் 14-ஆம் நாள் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் 796 சிசி என்ஜினைத் தந்தது, 1952-இல் மிதிவண்டிக்கு 36 சிசி என்ஜின் செய்த அதே ஹமமட்சு நிறுவனம்.

எடைக்கு உச்சவரம்பு விதித்து, காருக்கும் ஆட்டோவுக்கும் இடைப்பட்ட குவாட்ரிசைக்கிள் என்ற வகையை இந்திய அரசு இப்போது ஏற்றுக்கொண்டுள்ளது. சொந்தப் பயன்பாட்டுக்கும் அதை 2018-இல் அனுமதித்தார்கள். பஜாஜ் நிறுவனத்தின் 216 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி அந்த வகையில் வந்தது. ஆனால் தனி ஒருவர் தம் பட்டறையில் கட்டிய காரைச் சாலையில் ஓட்ட, 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தின் மாதிரி ஒப்புதல் வேண்டும். ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்யும் நிறுவனத்துக்கு அச்செலவு ஒரு பொருட்டல்ல. ஒரே ஒரு கார் செய்பவருக்கு அது காரின் விலையையே மிஞ்சும்.

எங்கள் பகுதி மாணவர் இறுதியில் மோட்டார் சைக்கிள் என்ஜினையே தேர்ந்தெடுத்தார். போட்டி விதிப்படி 710 சிசி வரைதான் அனுமதி என்பது ஒரு காரணம். காரின் மொத்த எடையை 300 கிலோவுக்குள் அடக்கிவிட்டார்கள் என்பது மற்றொன்று. பின்னோக்கிச் செல்ல வேண்டுமானால் நண்பர்கள் இறங்கித் தள்ளுகிறார்கள். போட்டித் திடலுக்கு அந்தக் காரை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள்.